அடிக்கு ஓர் அங்குலம்

ஜவ்வாது மலை தோணிக்குப் பேர்போன இடம் அல்ல. இங்கே ஊறும் நீர் நிற்காமல் இறங்கிவிடுகிறது. செய்யாறு இந்த மலையில் பிறந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலந்து, வாயலூர் அருகே கடலைச் சேர்கிறது. மலைக்குள் அது பாறைகளுக்கு நடுவே ஓடும் ஓடைதான். ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரி இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்களுக்காக அதில் படகு விடுகிறார்கள். சாமையும் பலாவும் புளியும் தேனும் பேசப்படும் ஊரில் தோணியைப் பற்றிப் பேச வேறு முகாந்திரம் இல்லை.

ஆனாலும், ஒற்றை மரத்தில் குடைந்த வள்ளத்தின் சிறு மாதிரி ஒன்றைப் பொழுதுபோக்காகச் செய்ய விரும்புகிறவருக்கு இந்த மலை நல்ல இடம் என்பது என் எண்ணம். தோணி என்பது முதலில் மரம். தண்ணீர் அப்புறம்தான் வருகிறது. எந்த மரம், அதில் எந்தப் பகுதி, எந்தப் பக்கம் மேலே, வைரம் எங்கே, வெளிறு எங்கே என்ற கேள்விகளிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் மலையில் இருக்கிறார்கள்.

ஒற்றை மரத் தோணிதான் உலகெங்கும் கிடைத்திருக்கும் மிகப் பழைய தோணி. நெதர்லாந்தின் பெஸ்ஸெ என்ற ஊருக்கு அருகே 1955ல் சாலை வேலையின்போது கிடைத்தது பைன் மரத்தில் குடைந்தது. நீளம் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, வயது சுமார் பத்தாயிரம் ஆண்டு. நம் பக்கத்துக்கு வந்தால், கேரளத்தில் பறவூர் அருகே பட்டணம் என்ற ஊரில் 2007ல் நடந்த அகழாய்வில் 6 மீட்டர் நீளமுள்ள வள்ளம் ஒன்று சேற்றுக்குள் கிடைத்தது. பழைய முசிறித் துறைமுகம் அந்த இடமே என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். வள்ளத்தின் மரம் அயினி; மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள், பலாவின் நெருங்கிய உறவு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு தேர்ந்த அதே மரத்தையே கேரளத்து வள்ளக்காரர்கள் அண்மைக்காலம் வரை தேடிப்போனார்கள். அந்த 6 மீட்டர் வள்ளத்தைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சுருக்கினால் சரியாக அரை மீட்டர் வரும். மேசைமேல் வைக்கலாம்.

பன்னிரண்டில் ஒன்று என்ற அளவை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். நம் தச்சர்கள் இன்றும் அடியிலும் அங்குலத்திலும் பேசுகிறார்கள். அசலில் ஓர் அடி என்றால் மாதிரியில் ஓர் அங்குலம். கணக்குப் போடவே தேவையில்லை. அசலின் ஓர் அங்குலம் மாதிரியில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். இந்த இரண்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். குமரி மாவட்டக் கரையிலும் கேரளக் காயல்களிலும் மூன்று பேர் ஏறும் வள்ளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 18 அடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று வையுங்கள். மாதிரி 18 அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம், ஒன்றரை அங்குல ஆழம். அசலின் சுவர் 2 அங்குலத் தடிமன் என்றால் மாதிரியில் 4 மில்லிமீட்டர்.

இந்த 4 மில்லிமீட்டரில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் மரத்தைப் பார்த்துவிடலாம்.

மலையில் பலா தாராளம். வைரம் மஞ்சளாக இருக்கும், உளிக்கு இணங்கும், நீரில் எளிதில் கெடாது. தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் தேடுவது பலாவைத்தான். குடமும் தண்டியும் ஒரே மரத்தில் அமைந்த ஏகாந்த வீணையைக் குடைகிறவர் செய்வதும் வள்ளம் குடைகிறவர் செய்வதும் ஒரே வேலை: ஒரு கட்டையின் உள்ளிருப்பதை வெளியே எடுத்து, சுற்றிலும் ஒரே தடிமனில் ஓடு மிஞ்சும்படி நிறுத்துவது. ஒன்று ஒலிக்காக, மற்றது மிதப்புக்காக. ஆனால் முதல் மாதிரிக்குப் பலா வேண்டாம் என்பேன். மலைவேம்பு எடுங்கள். தமிழ்நாடு முழுக்கப் பண்ணை மரமாக நடுகிறார்கள், மலிவாகக் கிடைக்கிறது, லேசான மரம், உளி சிக்காமல் ஓடும். கட்டுமரத்துக்கும் இந்த மரம் பயன்பட்டிருக்கிறது. அதன் குறை, நார் பருமன். மரத்தைச் சுருக்க முடியும், அதன் ரேகையைச் சுருக்க முடியாது. 18 அடி வள்ளத்தில் கண்ணுக்கே தெரியாத துளைகள் 18 அங்குல வள்ளத்தில் கோடுகோடாகத் தெரியும். கை பழகிய பிறகு இரண்டாவது மாதிரிக்கு மஞ்சக்கடம்பு தேடலாம். நெருக்கமான, ஒரே சீரான ரேகை. சிறு அளவில் அதைவிட அழகாக நிற்கும் நாட்டு மரத்தை நான் கண்டதில்லை.

எந்த மரமானாலும் போளூர், செங்கம், திருப்பத்தூர் பக்கத்து மரக்கடையிலோ அறுவை மில்லிலோ விலைக்கு வாங்க வேண்டும். காப்புக்காட்டில் விழுந்து கிடக்கும் கொம்பானாலும் கை வைக்கக் கூடாது. இது சந்தனம் விளையும் மலை. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. மரம் விஷயத்தில் இந்தப் பக்கம் பட்டது அதிகம். பொழுதுபோக்குக்காக யாரும் இன்னொரு மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. 20 அங்குலம் நீளம், 3 அங்குலம் அகலம், 2 அங்குலம் கனம் உள்ள துண்டு போதும். மில்லில் ஒதுக்கிப்போட்ட கழிவுக் கட்டைகளிலேயே கிடைத்துவிடும்.

வாங்கும்போது குறுக்குவெட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மரத்தின் நடுப்புள்ளி, அதாவது ஆண்டு வளையங்கள் தொடங்கும் இடம், உங்கள் துண்டுக்குள் இருக்கக் கூடாது. மரம் காயும்போது வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நடுப்புள்ளியைச் சுற்றி மரம் முழு வட்டமாக இருந்தால் அந்த வித்தியாசத்துக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை, வெடித்தே தீரும். பச்சை மரத்தில் வள்ளம் வெட்டுகிறவர்கள் சீக்கிரமாகக் குடைந்துவிடுவதன் காரணமும் இதுதான். உள்மரம் போய்விட்டால் ஓடு தன் போக்கில் சுருங்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மூடுபனியும் சாரலும் விடாது. அப்போது வாங்கிய மரம் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரு முனைகளிலும் மெழுகோ சாணமோ பூசி, வெயில் படாத, காற்றோட்டமான பரணில் மாசி வரை விட்டுவிடுவது நல்லது.

இனி அளவு. இங்கேதான் பொழுதுபோக்காளர்கள் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். படம் பார்த்து, கண்ணுக்கு அழகாக ஒரு தோணியைச் செதுக்கிவிட்டு அதை மாதிரி என்கிறார்கள். அது பொம்மை. பொம்மை செய்வதில் குற்றமில்லை, ஆனால் மாதிரி என்ற சொல்லுக்கு ஒரு பொறுப்பு உண்டு: எங்கோ இருக்கும், அல்லது இருந்த, ஒரு குறிப்பிட்ட தோணிக்கு அது சாட்சி சொல்ல வேண்டும்.

ஆகவே மலையிலிருந்து இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். வள்ளத்தின் அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலில் அடிக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் மூன்று அளவு: விளிம்பின் அகலம், நூலிலிருந்து அடிவயிற்றின் ஆழம், நூலிலிருந்து விளிம்பின் உயரம். விளிம்பு நேர்கோடு அல்ல. இரு முனைகளிலும் எழும்பி நடுவில் தாழும். எங்கே தொடங்கி எழும்புகிறது என்பதில்தான் ஒரு ஊர் வள்ளத்துக்கும் இன்னொரு ஊர் வள்ளத்துக்கும் வித்தியாசம் வருகிறது. பிறகு, தடித்த ஈயக் கம்பியை உட்புறத்தில் அழுத்தி வளைத்து, அந்த வளைவு கெடாமல் எடுத்துக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொள்ள வேண்டும். இரண்டு அடிக்கு ஒன்று வீதம் எடுத்தாலும் ஏழெட்டுக் குறுக்குவெட்டு கிடைத்துவிடும். வெளிப்புறத்துக்கும் அதேபோல.

வரைந்ததைப் பார்த்தால் இடமும் வலமும் ஒத்துப்போகாது. ஒரு பக்கம் அரை அங்குலம் புடைத்திருக்கும், ஒரு முனை சற்றே திரும்பியிருக்கும். அடிமரம் ஒரு முனையிலும் நுனிமரம் மறுமுனையிலும் இருப்பதால் இரு முனைகளும் ஒன்றுபோல் பருத்திருக்காது. இதைத் திருத்தி வரையலாமா என்ற ஆசை வரும். திருத்தக் கூடாது. அந்தக் கோணல்தான் அந்த மரத்தின் கையெழுத்து. வெட்டியவர் அந்த மரத்தோடு செய்துகொண்ட சமரசம் அதில் இருக்கிறது. அடிமரம் எந்தப் பக்கம் வரவேண்டும், ஏன் என்று வள்ளக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பதில் எந்தக் குறுக்குவெட்டிலும் கிடைக்காது.

வீட்டுக்கு வந்தபின் அந்த வளைவுகளைப் பன்னிரண்டில் ஒன்றாக்கி அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிம் அட்டையைவிட நல்லது, மரத்தூளில் நைந்துபோகாது. கட்டையின் பக்கவாட்டில் பக்கத் தோற்றத்தையும் மேற்புறத்தில் மேல் தோற்றத்தையும் வரையுங்கள். முதலில் பக்கத் தோற்றத்தை அறுக்க வேண்டும். அறுத்த துண்டுகளை எறிந்துவிட்டால் மேல் தோற்றத்தின் கோடும் அவற்றோடு போய்விடும். அவற்றை அதே இடத்தில் வைத்து டேப் ஒட்டி, கட்டையை மறுபடி சதுரமாக்கிக்கொண்டு இரண்டாவது அறுப்பு. டேப்பைப் பிரித்தால் உள்ளே தோணி போன்ற ஒன்று இருக்கும். மூலைகள் மட்டும் இன்னும் கூராக. இழைப்புளியும் அரமும் கொண்டு, அட்டை வளைவுகளை வைத்து வைத்துப் பார்த்து வெளிப்புறத்தை உருட்டி எடுப்பது இரண்டு மூன்று மாலை வேலை. அதில் சொல்ல அதிகம் இல்லை.

குடைவதில்தான் நிதானம் வேண்டும். வெளியே முடித்த பிறகு உள்ளே குடையும்போது சுவர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. விரலால் தட்டிப் பார்க்கலாம், ஒளியில் தூக்கிப் பார்க்கலாம், எல்லாம் ஊகம். இதற்கு மிகப் பழைய உபாயம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் சேற்றில் கிடைத்த பல பழைய ஒற்றை மரத் தோணிகளில் அதன் தடம் இருக்கிறது. வெளிப்புறத்திலிருந்து சுவருக்குள் ஆங்காங்கே துளையிட்டு, வேண்டிய தடிமனுக்குச் சரியாக வெட்டிய ஆப்புகளை அடித்துவிடுவார்கள். உள்ளே குடைந்துகொண்டே வரும்போது ஆப்பின் முனை தெரிந்தால் அங்கே நிறுத்த வேண்டும். ஆப்பு அங்கேயே இருந்து துளையையும் அடைத்துக்கொள்ளும்.

மாதிரியில் இதைச் செய்து பாருங்கள். 2 மில்லிமீட்டர் டிரில் முனையில் 4 மில்லிமீட்டர் தள்ளி டேப் சுற்றிக்கொண்டால் அதற்கு மேல் துளை இறங்காது. ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் அடியில் ஒன்று, இருபுறமும் ஒவ்வொன்று. ஆப்புக்குக் கருவேலம் போலக் கறுத்த மரத்தின் சிம்பு. மலைவேம்பு வெளுத்தது, உளி ஒவ்வொரு சீவலாக எடுத்துக்கொண்டு வரும்போது ஒரு கட்டத்தில் வெளுத்த மரத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளி எழும்பும். அந்த இடத்தில் கை தானாக நின்றுவிடும். பிறகு பக்கத்துப் புள்ளியைத் தேடிப் போகலாம்.

வாய் வளைந்த உளியை முதலில் ரேகைக்குக் குறுக்கே ஓட்டி நடுவைக் காலி செய்யுங்கள். பிறகு ரேகையோடு. அப்போதும் முனைகளிலிருந்து நடுவை நோக்கி, மேலிருந்து கீழாகத்தான் தள்ள வேண்டும். நடுவிலிருந்து முனையை நோக்கி ஏற்றித் தள்ளினால் உளி நாருக்கு அடியில் நுழைந்து ஒரு சிம்பைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். தோணியை மடியில் வைத்துக் குடையாதீர்கள். வெளிப்புறத்திலிருந்து அறுத்த துண்டுகள் இருக்கின்றனவே, அவற்றையே தொட்டிலாக்கி, துணி விரித்து, அதில் கிடத்துங்கள். தோணியின் வளைவுக்கு அவற்றைவிடப் பொருத்தமான பிடிப்பு கிடையாது. கடைசியில் உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை. பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம். அசல் வள்ளத்துக்கு மீன் எண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசுவார்கள். அது மின்னுவதில்லை, கறுத்து இறுகும்.

இனி அந்த 4 மில்லிமீட்டருக்கு வருவோம். நீளம் பன்னிரண்டில் ஒன்றானால் பரப்பு 144ல் ஒன்று, எடை 1,728ல் ஒன்று. 18 அடி வள்ளம் ஆளும் மீனும் வலையுமாக 432 கிலோ என்றால், மாதிரி தன் சுமையோடு சரியாக 250 கிராம் இருக்க வேண்டும். 60 கிலோ ஆள் 35 கிராம். என் கையில் இருக்கும் மலைவேம்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு அரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. 4 மில்லிமீட்டர் சுவரில் வெறும் ஓடு ஏறக்குறைய 75 கிராம் வரும். அசலில் அது 130 கிலோ. மூன்று ஆளுக்கு 105 கிராம் போனால் மீனுக்கும் வலைக்கும் மீதி 70 கிராம்.

சுவரை 6 மில்லிமீட்டரில் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் எடை 37 கிராம் கூடிவிடும். அதாவது, ஏறாத ஓர் ஆளை அந்த வள்ளம் ஆயுள் முழுக்கச் சுமக்கும். கடற்கரையில் வள்ளம் குடைந்தவர்கள் ஒரு விரல் கனத்துக்காக ஏன் அத்தனை நாள் மெனக்கெட்டார்கள் என்பது இந்த 37 கிராமை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது புரியும். எந்தப் புத்தகம் படித்தும் எனக்கு இது புரிந்ததில்லை.

தண்ணீர்ச் சோதனைக்கு அண்டா போதாது, துணி ஊறவைக்கும் தொட்டி வேண்டும். தலா 35 கிராம் மணல் பொட்டலம் மூன்று, மீனுக்கும் வலைக்குமாக 70 கிராமில் ஒன்று. தோணி சுமார் 17 மில்லிமீட்டர் அமிழ வேண்டும். பொட்டலங்களை அடியில் வைத்தால் தொட்டிலாக ஆடி நிற்கும். அதே எடையை விளிம்பு மட்டத்துக்கு உயர்த்திவைத்தால் ஒரு விரல் தொட்டதும் கவிழும். வள்ளத்தில் எழுந்து நிற்காதே என்று குழந்தைகளை அதட்டுவதன் கணக்கு அதுதான்.

மாதிரி படபடவென்று ஆடுவதைப் பார்த்து ஏதோ பிழை என்று நினைத்துவிடக் கூடாது. நீளம் பன்னிரண்டில் ஒன்றாகும்போது நேரமும் வேகமும் 12ன் வர்க்கமூலமான மூன்றரையில் ஒன்றாகத்தான் சுருங்கும். அசல் ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப 2 நொடி ஆனால் மாதிரிக்கு அரை நொடி சொச்சம். அசல் மணிக்கு 5 கிலோமீட்டரில் போகும்போது எழுப்பும் அலையை மாதிரியில் காண, அதை நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் இழுத்தால் போதும். இந்த விதியை நிலைநாட்டிய ஆங்கிலப் பொறியாளர் வில்லியம் ஃபிரவுட், 1872ல் டார்க்கீ என்ற ஊரில் நீண்ட தொட்டி கட்டிக் கப்பல் மாதிரிகளை இழுத்துப் பார்த்தார். அன்றிலிருந்து பெரிய கப்பல்கள் இப்படிச் சோதிக்கப்பட்டே கட்டப்படுகின்றன; சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையிலும் அத்தகைய தொட்டி உண்டு. ஒரு நூல், ஒரு கைக்கடிகாரம், அமைதியான ஒரு காலையில் கோமுட்டேரியின் கரை. அதே சோதனையை எளிய அளவில் யாரும் செய்யலாம்.

மாதிரிகளின் பெரிய பயன் இன்னொன்று: அளந்து வரைந்த படத்தைப் போலவே, மறைந்துபோகும் படகுகளை அவை பதிவாக்கி வைக்கின்றன. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஃபிரான்சுவா எட்மோன் பாரி 1820களிலும் 30களிலும் உலகைச் சுற்றியபோது, போன இடமெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் மசூலா படகும் அவற்றில் அடக்கம். 1840களில் அது நூலாக வந்தது. பிறகு 1871 முதல் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்று, அந்த வரைபடங்களிலிருந்தே மர மாதிரிகள் செய்யவைத்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920ல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். கொல்கத்தாவில் வங்கத்துப் படகுகளுக்கென்றே 2014ல் ஒரு மாதிரிக்கூடம் திறந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட படகுகள் சிறு வடிவில் அங்கே இருக்கின்றன.

நம் கரையில் படகு கட்டியவர்கள் வரைபடம் போட்டதில்லை. அளவு கையிலும் கண்ணிலும் இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் மரப் படகுகளை மிக வேகமாக ஓரங்கட்டின. மீனவருக்கு அது வசதி. பாரம் குறைவு, பராமரிப்பு குறைவு, நல்ல மரத்தைத் தேடி அலைய வேண்டாம். அதைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் மரத்தில் இருந்த அறிவு யாரும் எழுதிவைக்காமலேயே விறகாகிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த வேலைக்குப் பெரிய பட்டறை வேண்டாம், பட்டம் வேண்டாம். மலையில் இருக்கும் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம். வடிவியலும் விகிதமும் மிதப்பு விதியும் அவர்கள் பாடத்திலேயே இருக்கின்றன, உளி பிடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். அடுத்த முறை கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் ஒரு நூல்கண்டு, அளவுநாடா, ஒரு முழம் ஈயக் கம்பி, நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். மணலில் கவிழ்த்துப்போட்ட பழைய வள்ளம் ஏதாவது இருந்தால், உடையவரிடம் அனுமதி கேட்டு, முடிச்சு முடிச்சாக அளந்து, எந்த ஊர், எந்த மரம், எந்த ஆண்டு வெட்டியது, யார் வெட்டினார் என்று கேட்டு எழுதுங்கள். மாதிரியைச் செய்வதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தாலும் பரவாயில்லை, அளப்பதைத் தள்ளிவைக்காதீர்கள்.